திகில் குறும்படத்துக்கு டைட்டில்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குறும்படம் எடுக்கும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் பெரும்பாலும் எடிட்டிங் பாதி முடிந்த பிறகுதான் டைட்டிலை, அதாவது படத்தின் பெயரும் கலைஞர்களின் பெயர்களும் திரையில் வரும் பகுதியைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். திகில் படத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதியது. காதல் படத்துக்கு இதில் பாதி பொருந்தாது. உதாரணம் காட்ட ஒரு பெயர் வேண்டும் என்பதால் உங்கள் படத்தின் பெயர் 'கொல்லைப்புறம்' என்று வைத்துக்கொள்வோம்.

பத்து நிமிடப் படத்துக்குத் தனியாக ஒரு டைட்டில் காட்சி தேவைதானா?

கட்டாயமில்லை. கறுப்புத் திரையில் படத்தின் பெயரை நான்கு நொடி காட்டிவிட்டு, மற்ற பெயர்களைக் கடைசியில் போட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. சுமாரான ஒரு நிமிட டைட்டிலைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் திகில் படத்தில் டைட்டிலுக்கென்று ஒரு வேலை உண்டு. செமினார் ஹாலில் விளக்கு அப்போதுதான் அணைந்திருக்கும். பின் வரிசையில் பேச்சு ஓடும், யாராவது போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் காட்சி வருவதற்குள் அந்தக் கூட்டத்தை அமைதியாக்க வேண்டும். படத்தில் வேறு எந்த இடமும் அதைச் செய்து தராது.

எங்கிருந்து தொடங்குவது? எழுத்துருவா, காட்சியா, இசையா?

மூன்றும் அப்புறம். முதலில் ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடியுங்கள்: திரையில் வரும் இந்த எழுத்துகளைக் கதைக்குள் யார் எழுதியது?

'செவன்' (1995) படத்துக்குக் கைல் கூப்பர் செய்த டைட்டிலை எல்லா வகுப்பிலும் போட்டுக் காட்டுகிறார்கள். கீறல், நடுக்கம், துடிப்பான வெட்டு இதையெல்லாம் பார்த்துவிட்டு மாணவர்கள் அப்படியே தங்கள் படத்திலும் செய்கிறார்கள். அந்த டைட்டிலில் நாம் பார்ப்பது கொலைகாரன் தன் நோட்டுப்புத்தகங்களைத் தயார் செய்யும் வேலை. விரல்கள் தெரியும், முகம் தெரியாது. பெயர்களும் அவனே கீறியது போல, கையால் கீறிய எழுத்துகள். படத்தில் அவன் வெகுநேரம் கழித்துத்தான் வருவான். ஆனால் அவனுடைய கை டைட்டிலிலேயே வந்துவிடுகிறது. உங்கள் கதையில் அப்படி ஒரு கை இல்லையென்றால் கீறல் எழுத்து வெறும் ஒப்பனைதான்.

இதற்கு நேரெதிர் 'ரோஸ்மேரிஸ் பேபி' (1968). நியூயார்க் கட்டடங்களின் மேல் இளஞ்சிவப்பில் சுழித்துச் சுழித்து எழுதிய பெயர்கள். பின்னணியில் கதாநாயகி மியா ஃபாரோவே முனகும் தாலாட்டு. புதிதாகக் கல்யாணமான பெண் தன் டைரியில் எழுதியது போல இருக்கும். தன் வாழ்க்கை இப்படித்தான் இருக்கப்போகிறது என்று அவள் நம்புகிற உலகம் அது. பயமுறுத்தும் எழுத்து ஒன்றுகூட இல்லை, ஆனால் கதை தெரிந்த பிறகு மறுபடி பார்த்தால் வயிறு கலங்கும்.

சரி, 'கொல்லைப்புறம்' யார் எழுதியது? செத்துப்போன ஆயா பின்சுவரில் கரிக்கட்டையால் பால் கணக்கு எழுதிவைத்த கையா? வீட்டை ஜப்தி செய்ய வந்த அமீனா ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸின் தட்டச்சா? அந்த வீட்டில் வளர்ந்த குழந்தையின் சிலேட்டா? எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, அதோடு எழுத்துரு, நிறம், வேகம், சத்தம் நான்கும் தானாக முடிவாகிவிடும். எனக்குப் பிடித்தது நோட்டீஸ். அரசாங்கக் காகிதத்தில் பேயின் பெயர் இருப்பதைவிட அதிகம் பயம் தரும் விஷயங்கள் குறைவு.

ரத்தம் சொட்டும் எழுத்து போடலாமா?

வேண்டாம். அதைப் பார்த்ததும் நகைச்சுவைப் பேய்ப்படம் என்று நினைத்து எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

சிவப்பாக ஏதாவது நடந்தே தீர வேண்டும் என்றால் வீட்டுச் சமையலறையிலேயே வழி இருக்கிறது. ஒரு வெள்ளைத் துணியை மஞ்சள் நீரில் நனைத்துக் காயவையுங்கள். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு அதன்மேல் எழுதுங்கள். தண்ணீர் பட்ட இடம் கண்ணெதிரே சிவந்து வரும். ஆரத்தி கரைக்கும்போது நடக்கிற அதே வேதியியல்தான். தூரிகையைக் காட்டாமல் எழுத்து மட்டும் தெரிகிற மாதிரி மேலிருந்து படம் பிடித்து, எடிட்டிங்கில் கை வரும் ஃபிரேம்களை வெட்டிவிடுங்கள். நம் ஊர்ப் பார்வையாளருக்கு அந்த மஞ்சளும் சிவப்பும் விசேஷ வீட்டு வாசலை நினைவூட்டும். அந்த மங்கலத்தில்தான் உங்கள் பயம் உட்கார்ந்துகொள்ள இடம் கிடைக்கிறது.

திகிலுக்கு ஏற்ற தமிழ் எழுத்துரு எது?

'திகில் எழுத்துரு' என்று தேடாதீர்கள். எளிய எழுத்துரு, சிறிய அளவு, சுற்றிலும் நிறைய வெறுமை. இது பெரும்பாலான கதைகளுக்குப் போதும். 'ஹாலோவீன்' (1978) டைட்டிலில் இருப்பது கறுப்பில் ஒரு பூசணி விளக்கு, பக்கத்தில் ஒழுங்கான ஆரஞ்சு எழுத்து, அவ்வளவுதான். கேமரா மெல்ல மெல்லப் பூசணியை நெருங்கும்.

கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவற்றில் நோட்டோ செரிஃப் தமிழ் பழைய புத்தகம், அரசு ஆவணம் போன்ற தோற்றத்துக்கு நன்றாக வரும். அனெக் தமிழில் தடிமனையும் அகலத்தையும் வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம்; ஒடுக்கி வைத்தால் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். முக்த மலர், பவனம் இரண்டும் சுத்தமானவை. பெயர் அட்டைகளுக்குப் பயன்படும். இவை திறந்த உரிமத்தில் வருவதால் விழாவுக்கு அனுப்பினாலும் சிக்கல் இல்லை. எங்கிருந்தோ இறக்கிய, உரிமம் தெரியாத எழுத்துருவைப் படத்தின் பெயருக்குப் போட்டுவிட்டுப் பிறகு விற்கும்போது முழிக்க வேண்டாம்.

பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களை இன்னும் பலர் பயன்படுத்துகிறார்கள். அதில் நீங்கள் தட்டுவது உண்மையில் ஆங்கில எழுத்துதான், தமிழ் போலத் தோற்றம் மட்டும் தருகிறது. எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் கோப்பைத் திறந்தால் பெயர்கள் எல்லாம் கண்டபடி ஆங்கில எழுத்தாக நிற்கும். கல்லூரி லேபில் கடைசி நாள் இதுதான் நடக்கும்.

மென்பொருளில் தமிழ் உடைந்து வருகிறது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். என்ன செய்வது?

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிரீமியர் புரோ இரண்டின் புதிய பதிப்புகளிலும் பிரிஃபரன்ஸஸுக்குள் டெக்ஸ்ட் எஞ்சின் என்று ஒரு தேர்வு உண்டு. அதைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றினால் ஒழுங்காகிவிடும். மாற்றிய பிறகு புதிதாக ஒரு டெக்ஸ்ட் லேயர் போட்டுப் பாருங்கள். பழைய லேயர் அப்படியே உடைந்து கிடக்கலாம்.

வேறு மென்பொருள் என்றால் சுற்றுவழிதான் நல்ல வழி. இங்க்ஸ்கேப் இலவசம், அதில் தமிழ் சரியாக வரும். அங்கே எழுதி, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து எழுத்தை வெறும் வடிவமாக மாற்றிவிடுங்கள். பிறகு பின்னணி இல்லாத பிஎன்ஜி அல்லது எஸ்விஜி கோப்பாக எடுத்து எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். எழுத்துரு தேவையில்லை, உடையவும் உடையாது. எழுத்துப்பிழை கண்டால் மட்டும் மறுபடி முதலிலிருந்து. அதனால் வடிவமாக மாற்றும் முன் இரண்டு பேரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்ற வேண்டும். ஆங்கிலத்தில் வருவது தமிழில் ஏன் அசிங்கமாக வருகிறது?

'கொல்லைப்புறம்' நமக்கு ஏழு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அது 13 குறியீடு. மென்பொருள் அந்த 13-ஐ எண்ணி ஓட்டினால் புள்ளி தனியாகக் குதிக்கும், கொம்பு முன்னால் வந்து துணையில்லாமல் நிற்கும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டினாலும் இதே கதைதான்: 'கொ' மூன்று துண்டாகச் சிதறும். ஆங்கில டைட்டில்களில் பார்த்த அகலமான இடைவெளி தமிழில் வேண்டுமென்றால், ஏழு எழுத்தையும் தனித்தனி வடிவங்களாக வைத்துக் கையால் தள்ளி வைக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

இந்தத் தொல்லைக்குள்ளேயே ஒரு வசதியும் இருக்கிறது. 'ஏலியன்' (1979) டைட்டிலில் ரிச்சர்ட் கிரீன்பெர்க் எழுத்துகளை முழுதாகக் கொண்டுவரவில்லை. விண்வெளிக்கு மேல் ஒரு கோடு, வெகுநேரம் கழித்து இன்னொரு கோடு என்று துண்டுதுண்டாக வந்து, கடைசியில்தான் அது ஒரு சொல் என்று புரியும். தமிழில் அப்படித் துண்டாக்கக் கொம்பு, கால், சுழி, புள்ளி என்று எத்தனையோ உறுப்புகள் இருக்கின்றன. 'கொல்லைப்புறம்' என்பதில் மூன்று புள்ளிகள். கறுப்புத் திரையில் முதலில் அவை மட்டும் வரட்டும். இரண்டு புள்ளி என்றால் கண் என்று மனம் எடுத்துக்கொள்ளும். மூன்றாவது சற்றுத் தள்ளி, ஒரே வரிசையில் நிற்கும்போது அது என்னவென்று பிடிபடாது. அந்தக் குழப்பத்தில் நான்கு நொடி விட்டுவிடுங்கள். பிறகு அடியிலிருந்து எழுத்துகள் மங்கலாக எழுந்து வந்து புள்ளிகளைத் தொடட்டும். முதல் இரண்டு எழுத்து மட்டும் ஒரு நொடி முன்னால் வந்து நின்றால் என்ன சொல் தெரியும் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கதை நடப்பது பழைய காலத்தில். எழுத்தை எப்படிப் பழையதாக்குவது?

காகிதக் கறை, மஞ்சள் நிற ஃபில்டர் போடுவதற்கு முன் எழுத்தின் வடிவத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1978-இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு லை, ணை, னை, ளை போன்றவை யானைத் தும்பிக்கைச் சுழியோடு எழுதப்பட்டன. ணா, றா, னா ஆகியவையும் கால் போடாமல் ஒரே சேர்ந்த வடிவமாக இருந்தன. உங்கள் கதை 1960-களில் நடந்து, வீட்டுப் பலகையில் இன்றைய 'லை' இருந்தால் தாத்தா பாட்டிக்கு உடனே உறுத்தும். பழைய வடிவத்தில் எழுதினால் எழுதியவரின் வயது சொல்லாமலே தெரிந்துவிடும். 'கொல்லைப்புறம்' என்ற பெயரில் அந்த 'லை' இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். எழுத்துருவில் தேடி அலையாமல் ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்துக் கையால் வரைந்து ஸ்கேன் செய்யுங்கள்.

காசே இல்லை. கையால் என்னவெல்லாம் செய்யலாம்?

கணினியில் செய்வதைவிடக் கையால் செய்வதுதான் திகிலுக்கு நன்றாக வரும். கை ஒருபோதும் ஒரே மாதிரி இரண்டு முறை எழுதாது.

எக்ஸ்ரே ஷீட் எல்லா வீட்டு பீரோவிலும் ஒன்றாவது இருக்கும். அதன் கறுப்புப் பகுதியைக் காம்பஸ் முள்ளால் சுரண்டினால் வெளிச்சம் புகும் கோடு கிடைக்கும். பழைய வகை ஷீட்டில் இரண்டு பக்கமும் பூச்சு உண்டு. ஒரு பக்கம் மட்டும் சுரண்டினால் மங்கல் கோடு, அதே இடத்தில் மறுபக்கமும் சுரண்டினால் பளிச்சென்ற கோடு. ஒரே எழுத்துக்குள் இந்த இரண்டு அடர்த்தியும் கலந்து வந்தால் பார்க்கத் தனி அழகு. லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து, மேலே ஒரு பட்டர் பேப்பர், அதன்மேல் ஷீட். பட்டர் பேப்பர் இல்லாவிட்டால் திரையின் புள்ளிகள் படத்தில் வரிவரியாகத் தெரியும். அதே பெயரை மூன்று இடத்தில் எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு ஃபிரேம் வீதம் மாற்றி மாற்றிப் போட்டால் எழுத்து நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். கோடுகளுக்குப் பின்னால் யாருடைய விலா எலும்போ மங்கலாகத் தெரிவது போனஸ். ஷீட்டின் மூலையில் இருக்கும் நோயாளியின் பெயரையும் எண்ணையும் மறக்காமல் மறைத்துவிடுங்கள்.

இன்னொன்று எறும்பு. அரிசி மாவில் தலைப்பை எழுதி, கொஞ்சம் சர்க்கரை கலந்து, எறும்பு வரும் இடமாகப் பார்த்து வையுங்கள். கடையில் விற்கும் கோலப்பொடி பெரும்பாலும் கல்மாவு, அதை எறும்பு சீண்டாது. மேலிருந்து 30 நொடிக்கு ஒரு படம் எடுத்தால், ஒரு மணி நேரத்தில் 120 படம், அதாவது நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் ஐந்து நொடி. அதைத் திருப்பி ஓட்டுங்கள். எறும்புகள் எங்கிருந்தோ மாவைச் சுமந்து வந்து உங்கள் படத்தின் பெயரை எழுதிவிட்டுப் போகும். வெயில் நகர்ந்தால் நிழலும் நகரும் என்பதால் திண்ணை, தாழ்வாரம் போன்ற இடமாகப் பாருங்கள். எறும்பு உங்கள் அட்டவணைக்கு வராது, அதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கறுப்பில் சிவப்பு எழுத்து ஏன் மங்கி, பிசிறடித்துத் தெரிகிறது?

இணையத்துக்கு ஏற்றும் வீடியோவில் வெளிச்சத்தின் விவரம் முழுதாகச் சேமிக்கப்படும். நிறத்தின் விவரம் நீளத்திலும் அகலத்திலும் பாதி பாதியாகக் குறைக்கப்படும். சுத்தச் சிவப்பில் வெளிச்சம் குறைவு, நிறம்தான் எல்லாமே. அதனால் எழுத்தின் விளிம்பு படிக்கட்டு மாதிரி உடைகிறது. தமிழின் மெல்லிய சுழிகளும் புள்ளிகளும் முதலில் அடிபடும். தடித்த எழுத்து, சற்று வெளுத்த சிவப்பு என்று போனால் பாதிச் சிக்கல் தீரும். அழுக்கு வெள்ளை போட்டால் முழுதும் தீரும். 'தி ஷைனிங்' (1980) டைட்டிலில் சிவப்பே கிடையாது: பட்டப்பகல், மலைச்சாலை, மேலே நகரும் வெளிர்நீல எழுத்து. அதைப் பார்த்துப் பயப்படாதவர் யார்?

கறுப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. கல்லூரிப் புரொஜெக்டரில் கறுப்பு என்பது சாம்பல்தான். லேப்டாப்பில் அழகாக மங்கித் தெரிந்த எழுத்து அங்கே காணாமல் போகும். திரையிடும் அறையிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கறுப்பிலிருந்து மெல்ல விடியும் காட்சிகளில் பட்டை பட்டையாக வந்தால் மேலே லேசாக கிரெயின் (பழைய படச்சுருளில் தெரிவது போன்ற பொடிப் புள்ளிகள்) தூவுங்கள், மறையும்.

எவ்வளவு நேரம் ஓடலாம்?

பத்து நிமிடப் படத்துக்கு 30 நொடி. அதற்கு மேல் ஒவ்வொரு நொடிக்கும் காரணம் இருக்க வேண்டும். ஒரு பெயர் அட்டைக்கு மூன்று நொடி, அதாவது 72 ஃபிரேம். வாய்க்குள் இரண்டு முறை படித்துப் பார்க்க முடிந்தால் சரி. விழாக்களில் டைட்டிலையும் சேர்த்துத்தான் படத்தின் நீளத்தைக் கணக்கிடுவார்கள். ஆஸ்கர் விதியில்கூடக் குறும்படம் என்பது எல்லாப் பெயர்களும் உட்பட 40 நிமிடத்துக்கு மிகாதது.

பெயர்களை எந்த வரிசையில் போடுவது?

கல்லூரியோ துறையோ 'வழங்கும்' என்பதில் தொடங்கி, நடிகர்கள், படத்தின் பெயர், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை, கடைசியாக எழுத்து, இயக்கம். இதுதான் நம் பார்வையாளருக்குப் பழக்கமான வரிசை. நன்றிப் பட்டியல் முழுதும் படத்தின் முடிவுக்குப் போகட்டும்.

ஒரே ஆள் ஐந்து வேலை பார்த்திருந்தால் ஐந்தையும் ஒரே அட்டையில் போடுங்கள். ஒரே பெயர் மூன்றாவது முறை வரும்போது ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்கும், அதன் பிறகு பேய் வந்தும் பயனில்லை. பெயர்களை நீங்களாகத் தட்டாமல் அவரவரை வாட்ஸ்அப்பில் தமிழில் அனுப்பச் சொல்லி ஒட்டிக்கொள்ளுங்கள். இனிஷியலில் சண்டை வராது.

இசைக்கு என்ன செய்வது?

திரைப்பட இசையை எடுக்காதீர்கள். யூடியூப் பிடித்துவிடும், விழாக்காரர்கள் உரிமம் கேட்பார்கள். வீட்டில் இருக்கும் சத்தங்களைப் போனில் பதிவு செய்து வேகத்தைக் குறையுங்கள். நான்கு மடங்கு மெதுவாக்கினால் சுருதி இரண்டு ஸ்தாயி கீழே போகும். குக்கர் விசில், கிணற்று ராட்டினம், இரும்பு கேட் மூன்றும் இப்படி அடையாளம் தெரியாமல் மாறிவிடும். 'கொல்லைப்புறம்' படத்துக்கு நானாக இருந்தால் ராட்டினத்தைத்தான் எடுப்பேன்.

அடிவயிற்றில் அதிரும் தாழ்ந்த சத்தம் ஹெட்போனில் பிரமாதமாக இருக்கும், போன் ஸ்பீக்கரில் சுத்தமாகக் கேட்காது. உங்கள் படத்தைப் பெரும்பாலோர் போனில்தான் பார்ப்பார்கள். அதனால் அதோடு கொஞ்சம் மேல் சுருதியில் ஒரு கரகரப்பையும் கலந்து வையுங்கள். தாளம் வேண்டுமென்றால் நான்கு எண்ணிக்கையைத் தவிருங்கள். 'ஹாலோவீன்' படத்துக்கு ஜான் கார்பென்டர் போட்ட புகழ்பெற்ற பியானோ மெட்டு ஐந்தில் ஓடுகிறது. நம் தாளக் கணக்கில் கண்டம். கால் தட்டத் தொடங்கினால் எங்கோ தடுக்கும், அந்தத் தடுக்கல்தான் வேண்டும்.

'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று போடலாமா?

பழைய தந்திரம், இன்னும் வேலை செய்கிறது. 1974-இல் வந்த 'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' உண்மை நிகழ்ச்சி என்று சொல்லும் வாசகத்தோடுதான் தொடங்கும். டெக்சாஸில் அப்படி எதுவும் நடக்கவில்லை. விஸ்கான்சினைச் சேர்ந்த எட் கீன் என்ற குற்றவாளியிடமிருந்து சில அம்சங்களை எடுத்துக்கொண்டார்கள். 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' (1999) இன்னும் சிக்கனம்: 1994 அக்டோபரில் மேரிலாந்தின் பர்கிட்ஸ்வில் ஊருக்கு அருகே காட்டில் மூன்று மாணவர்கள் காணாமல் போனார்கள், ஓராண்டு கழித்து அவர்கள் எடுத்த படச்சுருள் கிடைத்தது என்று கறுப்பில் வெள்ளையாக இரண்டே வாக்கியம். டைட்டில் செலவு அவ்வளவுதான். இதில் மாதமும் ஊரும் இருப்பதைக் கவனியுங்கள். 'பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில்' என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் நிஜமான தெருப் பெயரையோ, நீங்கள் படம் எடுத்த வீட்டை அடையாளம் காட்டும் விவரத்தையோ போடாதீர்கள். வீட்டுக்காரர் நாளை அதை வாடகைக்கு விட வேண்டாமா?

திரை வெட்டி வெட்டி மின்ன வேண்டும். தவறா?

ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் முழுத் திரையும் மின்னினால் வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆபத்து. மூன்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது திரையின் ஒரு சிறு பகுதி மட்டும் மின்னட்டும். எழுத்து மட்டும் துடித்தால் போதும்.

ஏஐ-யிடம் செய்யச் சொல்லலாமா?

பின்னணிக் காட்சிக்கு முயன்று பாருங்கள், கல்லூரி அனுமதித்தால். தமிழ் எழுத்தை அதனிடம் விடாதீர்கள். பல நேரம் தமிழ் மாதிரி ஏதோ ஒன்றை வரைந்து கொடுக்கும், நீங்கள் அவசரத்தில் கவனிக்காமல் போட்டுவிடுவீர்கள்.

முடித்த பிறகு எந்த வடிவத்தில் எடுத்து வைப்பது?

படம் எந்த ஃபிரேம் ரேட்டில் எடுக்கப்பட்டதோ அதே ரேட்டில். போனில் 30-இல் எடுத்துவிட்டு டைட்டிலை 24-இல் செய்தால் நகர்வு தடுக்கும். திரையின் ஓரத்தில் ஐந்து சதவீதம் எல்லாப் பக்கமும் காலியாக விடுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை போடுகிறவர்கள் பட்டைக்கு உள்ளே இருக்கும் இடத்தில் அந்தக் கணக்கைப் பாருங்கள். வெளியூர் விழாவுக்கு அனுப்புவதாக இருந்தால் தமிழ்ப் பெயருக்குக் கீழே ஆங்கிலத்திலும் சிறியதாகப் போடுங்கள். தமிழ்தான் பெரிதாக இருக்க வேண்டும். எழுத்தே இல்லாத ஒரு பிரதியையும் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு நடிகர் பெயரை மாற்றிக்கொண்டாலோ வேறு மொழியில் டைட்டில் கேட்டாலோ அது இருந்தால் பத்து நிமிட வேலை.